சின்ன மரப் பாய்ப்படகில் ஜெனோவாவிலிருந்து பலெர்மோ வரை: போகலாமா?

மிலானோ மணி (வெள்ளி இரவு)

எல்லோருக்கும் வணக்கம். ஜெனோவாவுக்குக் கிழக்கே ஒரு சிறு துறையில் மரப் பாய்ப்படகு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஃபோக்போட் வகை, 1960களில் டென்மார்க்கில் கட்டியது. நீளம் ஏழரை மீட்டருக்குச் சற்று மேல், அகலம் 2.2 மீட்டர், நீருக்குள் இறங்குவது 1.2 மீட்டர். உள்ளே குனிந்துதான் நடமாட வேண்டும். பார்த்ததும் பிடித்துவிட்டது. அதனாலேயே என் முடிவை நானே நம்பாமல் இங்கே கேட்கிறேன்.

கார்தா ஏரியில் சில ஆண்டுகளாகப் பாய் விரித்துப் பழக்கம். கடலில் நண்பர்களின் படகில் கூடப் போயிருக்கிறேன், அவ்வளவுதான். ஆகஸ்டு விடுமுறையில் மனைவியோடு கரையோரமாகவே பலெர்மோ வரை இறங்க ஆசை. மரம் இந்த வெயிலைத் தாங்குமா? ராத்திரி எங்கே நிற்பது? மெஸ்ஸீனா நீரிணையின் சுழல்களைச் சொல்லி எல்லோரும் பயமுறுத்துகிறார்களே, இத்தனை சின்னப் படகு அதில் போகலாமா?

கணக்குப்பிள்ளை (வெள்ளி இரவு)

மரம் வேண்டாம். அதே காசுக்கு 1970களில் வந்த கண்ணாடியிழைப் படகு நல்ல நிலையில் கிடைக்கும். மரப் படகு சும்மா கட்டிக் கிடந்தாலும் செலவு வைக்கும். கோடை முழுக்க நீங்கள் கடலில் இருக்க மாட்டீர்கள், உப்புத்தாளும் கையுமாகக் கரையில் இருப்பீர்கள்.

பலெர்மோ தம்பி (சனி காலை)

மணி அண்ணா, முதலில் ஒரு ஆறுதல். பலெர்மோவுக்கு வர மெஸ்ஸீனா நீரிணையைக் கடக்கவே தேவையில்லை. பலெர்மோ சிசிலியின் வடக்குக் கரையில், திர்ரேனியக் கடல் பக்கம் இருக்குது. நாப்போலிக்குத் தெற்கே கலாப்ரியாக் கரையோரம் இறங்கி, த்ரோப்பேயாவில் இருந்து ஸ்ட்ரோம்போலி, லிப்பாரி என்று தீவுகளைப் பிடித்து, மிலாட்சோ, செஃபலூ வழியாக வந்தால் சரி. நீரிணை சிசிலியின் கிழக்குக் கரைக்கு, கத்தானியா, சிராக்கூசா போகிற ஆட்களுக்குத்தான்.

அப்படிப் போனாலும் அது பேய்க்கதை இல்லை. ஒரு பக்கக் கடலில் நீர் ஏறும்போது மற்றப் பக்கத்தில் இறங்கும், அதனால் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீரோட்டம் திசை மாறும். முழுநிலவு, அமாவாசை நாட்களில் மணிக்கு நாலு கடல் மைலுக்கு மேல் ஓடும். உங்கள் படகின் வேகமே அவ்வளவுதான். நீரோட்ட அட்டவணையைப் பார்த்து நேரத்துக்குப் புறப்பட்டால் அது உங்களைத் தள்ளிக்கொண்டே போய் விடும். வாள்மீன் பிடிக்கிற படகுகள் அங்கே நிற்கும், உயரமான கோபுரத்தின் உச்சியில் ஒரு ஆள் இருந்து மீனைப் பார்ப்பார். அவர்களுக்கு மட்டும் வழி விட்டுப் போங்கோ.

கடலோடி (சனி மதியம்)

வணிகக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் காலத்தில் ஜெனோவாவும் லிவோர்னோவும் எனக்குக் கொள்கலன் இறக்குகிற இடங்கள். பின்னால் ஓர் இத்தாலிய நண்பரின் பழைய படகில் அதே கரையைப் பார்த்தபோது வேறு நாடு போல இருந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மணி தம்பி, படகைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் வரைபடத்தை விரித்து, ஒரு தங்குமிடத்துக்கும் அடுத்த தங்குமிடத்துக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறியுங்கள். உங்கள் பயணத்தைத் தீர்மானிக்கப் போவது அதுதான். அழகான ஊர் எது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. ஃபோக்போட் சராசரியாக நாலு நாலரை நாட், அதாவது மணிக்கு அத்தனை கடல் மைல், போகும். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டுமானால் ஒரு நாளைக்கு 25, 30 கடல் மைல். ஜெனோவாவிலிருந்து பலெர்மோ நேர்க்கோட்டிலேயே 400 கடல் மைலுக்கு மேல். கரையை ஒட்டினால் இன்னும் கூடும். காற்றடித்து முடங்கும் நாட்களையும் சேர்த்தால் உங்கள் விடுமுறைக்குள் அடங்காது.

லிகூரியாவில் பத்துப் பதினைந்து மைலுக்கு ஒரு துறை இருக்கிறது. போர்ட்டோஃபினோவின் மூக்கைச் சுற்றினால் சாந்தா மார்கெரிட்டா, ரப்பல்லோ. அப்புறம் செஸ்த்ரி லெவாந்தே. சிங்குவே தெர்ரே என்ற ஐந்து ஊர்களும் கடலிலிருந்து பார்க்கத்தான், நின்று தங்க அல்ல. 1997 முதல் அது பாதுகாக்கப்பட்ட கடல், நங்கூரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, அலைக்கு மறைப்பும் கிடையாது. நேரே போர்ட்டோவெனெரே போய்ப் பல்மாரியா தீவின் மறைவில் நில்லுங்கள். அந்த வளைகுடா முழுவதும், லெரீச்சி வரைக்கும், சின்னப் படகுக்கு அருமையான இடம்.

லிவோர்னோவுக்குத் தெற்கே கதை மாறும். சாந்தோ ஸ்தெஃபானோ துறையைத் தாண்டிவிட்டால் சிவிதவெக்கியா, ஃபியூமிச்சீனோ, ஆன்ட்சியோ என்று ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 மைல் இடைவெளி. நடுவில் தட்டையான மணற்கரை. மேற்கிலிருந்து காற்று ஏறினால் ஒதுங்க இடமில்லை, ஃபியூமிச்சீனோவில் தீபேர் ஆற்றின் வாயில் அலை உடையும். பெரிய படகுக்கு இது ஒரு சலிப்பான நாள். சின்னப் படகுக்கு உண்மையான கடற்பயணம்.

காற்றின் பெயர்களை இங்கே எல்லோரும் திசையாகவே பேசுவார்கள், பழகிக்கொள்ளுங்கள். மாயெஸ்த்ராலே வடமேற்கு. கோடையில் திடீரென்று எழுந்து இரண்டு மூன்று நாள் வீசும், வானம் பளிச்சென்று இருக்கும்போதே கடல் கெட்டுவிடும். லிபெச்சோ தென்மேற்கு. லிகூரியா, தொஸ்கானா கரைக்கு இதுதான் எமன், ஏனென்றால் நேரே கரை மேல் அடிக்கிறது. சிரோக்கோ தென்கிழக்கு, ஆப்பிரிக்காவின் வெப்பத்தையும் சில சமயம் செம்மண் தூசியையும் கொண்டுவரும். 2018 அக்டோபர் 29 அன்று ரப்பல்லோவில் அலை தடுப்புச் சுவரையே உடைத்து, உள்ளே கட்டியிருந்த நூற்றுக்கணக்கான படகுகளைக் கரையில் குவித்தது. துறைக்குள் நுழைந்துவிட்டால் பத்திரம் என்று நினைப்பவர்கள் அந்தப் படங்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

வானிலை அறிக்கைக்கு அதிகம் தேட வேண்டாம். விஎச்எஃப் ரேடியோவில் 68ஆம் அலைவரிசையைப் போட்டால் இத்தாலியனிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி வாசித்துக்கொண்டே இருப்பார்கள். ஆபத்துக்கு 16, கைப்பேசியிலிருந்து கடலோரக் காவலுக்கு 1530.

தோணித்துறை (சனி மாலை)

கணக்குப்பிள்ளை சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. தூத்துக்குடியில் தோணி கட்டிய ஓடாவிக் குடும்பம் எங்களுடையது. இப்போது நான் ஐரோப்பாவில் வேறு வேலை பார்க்கிறேன், ஆனால் மரப் படகைக் கண்டால் கை சும்மா இருக்காது.

மரத்துக்கு எதிரி கடல்நீர் இல்லை. மழைநீரும் வெயிலும்தான். மத்தியதரைக் கடல் வெயிலில் நீர்மட்டத்துக்கு மேலே உள்ள பலகைகள் காய்ந்து சுருங்கி, இணைப்புகள் திறந்துகொள்ளும். துறையில் கட்டிக் கிடக்கும்போது ஒன்றும் தெரியாது. கடலுக்குள் போய்ப் படகு ஒரு பக்கம் சாய்ந்ததும் அந்தக் காய்ந்த பலகைகள் நீருக்குள் போகும், அப்போது உள்ளே கசியும். வாங்குபவர்கள் பயந்துபோவது இந்த இடத்தில்தான். அதனால் வெளிப்புறத்துக்கு வெள்ளை வண்ணம் நல்லது. கருநீலம் கண்ணுக்கு அழகு, பலகைக்குக் கேடு. காலையும் மாலையும் மேல்தளத்தில் நாலு வாளி கடல்நீரை ஊற்றுங்கள். நல்ல தண்ணீரால் கழுவிப் பளபளப்பாக வைக்கிறேன் என்று ஆரம்பித்தால் மூலைகளில் நீர் தங்கி உளுக்கத் தொடங்கும்.

ஃபோக்போட்டில் பலகைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, செம்பு ஆணி அடித்து இணைந்திருக்கும். வழவழப்பான பக்கமுள்ள படகுக்கு அடிப்பது போல இதற்குப் பஞ்சு வைத்துக் கலப்பத்து அடிக்கக் கூடாது. அடித்தால் பலகைகள் விலகும், ஆணி தளரும். முன்பிருந்தவர் யாராவது பலகைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும் அந்த ஏறுமடிப்புக்குள் ரசாயனப் பசையைத் திணித்திருக்கிறாரா என்று பாருங்கள். திணித்திருந்தால் விலையைப் பாதியாகக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

அடிக்கட்டையின் இரும்பு எடையைத் தாங்கும் போல்ட்டுகள் முக்கியம். வெளியே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஒன்றையாவது கழற்றிப் பார்க்கச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். அப்புறம் வெண்கலக் குழாய் அடைப்பான்களைச் சுற்றியுள்ள மரத்தை விரல் நகத்தால் கீறுங்கள். நார் நாராக, பஞ்சு போல வந்தால் உலோகம் அரிக்காமலிருக்க வைக்கும் துத்தநாகத் துண்டுகளை அளவுக்கு மேல் மாட்டி, துறையின் மின்சாரத்தையும் எப்போதும் இணைத்தே வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உலோகத்தைக் காப்பாற்றப் போய் மரத்தைத் தின்றிருப்பார்கள்.

குளிர்காலம் முழுக்கக் கரையில் நின்ற படகு வசந்தத்தில் நீரில் இறங்கியதும் சில நாள் ஒழுகத்தான் செய்யும். பலகை ஊறி உப்பியதும் நின்றுவிடும். பம்ப்பையும் பொறுமையையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: இங்கே ஏற்றவற்றம் பெரும்பாலான கரைகளில் 30, 40 சென்டிமீட்டர்தான். பிரிட்டனில் செய்வது போல நீர் வற்றும்போது சுவரோரம் நிறுத்தி அடியைச் சுரண்டி வண்ணம் பூச முடியாது. ஒவ்வொரு முறையும் கிரேன்தான், அதன் வாடகையைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

வேலைக்கு ஆள் தேடும்போது ‘மாயெஸ்த்ரோ தாஷா’ என்று கேளுங்கள். இத்தாலியில் அது சட்டப்படி பதிவு பெற்ற படகுத்தச்சர் தொழில். வியரெஜ்ஜோவிலும் லிகூரியாவிலும் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் கூட்டம் நிறைந்த மருத்துவரிடம் போல முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை (சனி மாலை)

போல்ட், கசிவு, கிரேன், தச்சர். நான் சொன்னதையே நீளமாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

தோணித்துறை (சனி இரவு)

கண்ணாடியிழைப் படகுக்கு மட்டும் கிரேன் இலவசமா? ஐம்பது வருடக் கண்ணாடியிழையில் மேல்தளத்துக்குள் வைத்த மரச் சட்டம் நனைந்து சோறாகிப் போயிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. மரத்தில் எது கெட்டாலும் கண்ணுக்குத் தெரியும், அந்தப் பலகையை மட்டும் மாற்றலாம்.

போராக்காரி (ஞாயிறு காலை)

எல்லோரும் மேற்குக் கரையையே பேசுகிறீர்களே. நான் திரியெஸ்தேயில் ஆய்வு வேலையில் இருக்கிறேன். பழைய படகு என்றால் அத்ரியாட்டிக்தான் என்பேன். செசெனாத்திக்கோவின் கால்வாய்த் துறையில் வண்ணப் பாய் கட்டிய பழைய மீன்பிடிப் படகுகளை மிதக்கும் அருங்காட்சியகமாகவே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பாயில் ஒரு நிறம், ஒரு சின்னம். தொலைவிலேயே யார் வருகிறார்கள் என்று கரையில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். வெனிஸ் காயலில் 1.2 மீட்டர் ஆழமுள்ள படகு எத்தனையோ இடத்துக்குள் நுழையும். அக்டோபரில் இங்கே பார்கொலானா என்ற பாய்ப்படகுப் போட்டி. 1969இல் 51 படகோடு தொடங்கியது, 2018இல் 2,689 படகுகள் பதிவாகின. அதில் பெரிய பந்தயப் படகும் இருக்கும், உங்களுடையது போன்ற கிழவியும் இருக்கும், எல்லாம் ஒரே கோட்டிலிருந்து ஒரே நேரத்தில் புறப்படும்.

கடலோடி (ஞாயிறு காலை)

அத்ரியாட்டிக்கின் இத்தாலியப் பக்கம் பெரும்பாலும் ஆழமற்ற, நேரான கரை. காற்று கிளம்பினால் குட்டையான செங்குத்து அலை. அழகான தீவுகள் எல்லாம் எதிரே குரோவேஷியாவில். உங்கள் பெயரிலேயே உள்ள போரா காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசும்போது அந்தக் கிழவி என்ன செய்வாள்?

போராக்காரி (ஞாயிறு மதியம்)

துறைக்குள் இரண்டு கயிறு அதிகம் கட்டிக்கொண்டு இருப்பாள். போரா பெரும்பாலும் குளிர்காலத்து வேலை. ஆனால் தெற்கே போகப் போகத் துறைகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன என்பதை ஒத்துக்கொள்கிறேன், கர்கானோ மூக்கில் உள்ள வியெஸ்தேயைத் தாண்டினால் பொறுமை வேண்டும்.

மணிக்கு ஒரு முக்கியமான விஷயம், யாரும் சொல்லவில்லை. இத்தாலியில் பத்து மீட்டருக்குக் குறைவான படகைப் பதிவு செய்ய வேண்டியதில்லை, ‘நத்தாந்தே’ என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஐரோப்பியத் தரமுத்திரை வருவதற்கு முன் கட்டிய படகு அப்படிப் பதிவில்லாமல் ஓடினால், தனியாகத் தகுதிச் சான்று இல்லாதவரை கரையிலிருந்து 6 மைலுக்குள்தான் இருக்க வேண்டும். 6 மைலைத் தாண்ட ஓட்டுபவருக்கு உரிமமும் வேண்டும். கப்ராயா தீவு லிவோர்னோவிலிருந்து 30 மைலுக்கு மேல். அதனால் வாங்குவதற்கு முன்பே படகு எந்தக் கொடியில், எந்தத் தாளில் இருக்கிறது என்று பாருங்கள். எஞ்சினுக்குக் காப்பீடும் கட்டாயம்.

பலெர்மோ தம்பி (ஞாயிறு மாலை)

ஆகஸ்டைப் பற்றி நான் சொல்ல வேணும். ஆகஸ்டு 15 ஃபெர்ராகோஸ்தோ என்ற விடுமுறை நாள். அதற்கு முன்னும் பின்னும் இத்தாலியே கடலில்தான் நிற்கும். காப்ரி தீவுப் பக்கம் பத்து மீட்டர் படகு கட்டும் இடத்துக்கு ஒரு ராத்திரிக்கு 100 யூரோவைத் தாண்டும், அதுவும் கிடைத்தால். நங்கூரம் போட்டு நிற்கலாம் என்றால், விசைப்படகுகள் நாள் முழுக்க அலை கிளப்பிக்கொண்டே ஓடும். உங்கள் படகு தொட்டில் மாதிரி ஆடும்.

இன்னொன்று, கடல் சூடாகி இருப்பதால் ஆகஸ்டு கடைசியில் இடிமழை திடீரென்று வரும். 2024 ஆகஸ்டு 19 அதிகாலை, இங்கே பலெர்மோவுக்குக் கிட்ட உள்ள போர்த்திச்செல்லோவுக்கு முன்னால் நங்கூரம் போட்டு நின்ற 56 மீட்டர் பாய்க்கப்பல் பேயீசியன் சில நிமிடங்களில் கவிழ்ந்து மூழ்கி ஏழு பேர் இறந்தார்கள். உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை அண்ணா. எங்கட ஆட்கள் சிலர் மீன்பிடித் துறையில் வேலை செய்கிறார்கள், அவர்களே அந்த மாதத்தில் மேகத்தைப் பார்த்துத்தான் போகிறார்கள்.

கடலோடி (ஞாயிறு இரவு)

தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு. ஜூன் நடு, அல்லது செப்டம்பர் முதல் பாதி. கோடையில் நிலையான வானிலை இருக்கும்போது காலையில் காற்றே இராது, பதினோரு மணிக்கு மேல் கடற்காற்று மேற்கிலிருந்து ஏறும், சூரியன் சாய்ந்ததும் விழுந்துவிடும். எஞ்சின் சிறியது என்றால் காலையில் மூன்று மணி நேரம் மெல்ல ஓட்டி, மதியம் பாய் விரித்து, ஐந்து மணிக்குள் உள்ளே போய்விடுங்கள்.

துறையில் நுழையும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய படகுக்காரர்கள் மானம் போவது அங்கேதான். இத்தாலியில் எல்லோரும் பின்பக்கத்தைச் சுவரில் வைத்துக் கட்டுவார்கள். முன்பக்கத்தை, அடியில் கிடக்கும் கயிற்றை எடுத்து இழுத்துக் கட்ட வேண்டும். நீண்ட அடிக்கட்டை உள்ள ஃபோக்போட் பின்னோக்கிப் போகும்போது சுக்கானுக்கு அடங்காது, காற்று தள்ளும் பக்கம் போகும். சுக்கானும் பின்பலகைக்கு வெளியே தொங்குகிறது, சுவரின் அடியில் கொட்டியிருக்கும் கல்லில் இடித்தால் போச்சு. அதனால் அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, முன்வைத்து நேரே உள்ளே போங்கள். துறையில் நிற்கும் ஆள் கையை ஆட்டி எதிர்த்தாலும் புன்னகைத்துக்கொண்டே அப்படியே கட்டுங்கள். உள்ளே நீங்கள் சாப்பிடுவதை நடைபாதையில் போகிறவர்கள் எட்டிப் பார்க்காமலும் இருப்பார்கள்.

சிறிய படகுக்கென்றே சில இடங்கள் உண்டு. வென்தோதேனே தீவில் ரோமானியர் எரிமலைப் பாறையைக் குடைந்து செய்த துறை இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது. பெரிய படகுகள் வெளியே ஆடிக்கொண்டிருக்க நீங்கள் உள்ளே போய்க் கட்டலாம். ப்ரோச்சிதா தீவும் அப்படித்தான், அதே நாப்போலி வளைகுடாவில் உள்ள காப்ரியின் ஆரவாரம் இல்லை. பொன்ட்சா தீவு அழகு, ஆனால் துறை கிழக்கைப் பார்க்கிறது, கிழக்குக் காற்று சொன்னால் அங்கே போகாதீர்கள். இதெல்லாம் அடுத்த வருடத்துக்கு.

மிலானோ மணி (அடுத்த வியாழன்)

எல்லோருக்கும் நன்றி. பரிசோதகரை அழைத்துக்கொண்டு போனேன். படகு பழைய டேனிஷ் கொடியில் இருக்கிறது, விற்பனைத் தாள்கள் சரியாக உள்ளன. ஒரு போல்ட்டைக் கழற்றினார்கள், நடுப்பகுதி கொஞ்சம் மெலிந்திருக்கிறது, எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார். ஏறுமடிப்பில் பசை இல்லை. மூன்று விலாச்சட்டங்களில் விரிசல். விற்பவர் போல்ட் செலவைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தார், முன்பணம் கொடுத்துவிட்டேன். கணக்குப்பிள்ளை மன்னிக்கவும்.

பலெர்மோவை இந்த முறை விட்டுவிட்டோம். செப்டம்பரில் ரப்பல்லோ, போர்ட்டோவெனெரே, வியரெஜ்ஜோ, லிவோர்னோ, அங்கிருந்து கரையோரமாகப் பியோம்பினோ வரை, காற்று நன்றாக இருந்தால் குறுக்கே எல்பா தீவு. மனைவியின் ஒரே நிபந்தனை, இரவுப் பயணம் கூடாது. படகோடு வந்த நங்கூரம் 8 கிலோ, சங்கிலி பத்து மீட்டர், மீதி கயிறு. போதுமா?

கடலோடி (வியாழன் இரவு)

ஃபோக்போட்டுக்கு எடை போதும். சங்கிலியை இன்னும் கொஞ்சம் நீட்டுங்கள். அதைவிட எங்கே போடுகிறீர்கள் என்பது முக்கியம். கடலடியில் கரும்பச்சைத் திட்டாகத் தெரிவது பொசிடோனியா புல். அதில் நங்கூரம் பிடிக்காது, படுத்துக்கொண்டு இழுபடும். அந்தப் புல் மெதுவாக வளர்வது, பல இடங்களில் அதன் மேல் போடத் தடையும் உண்டு. வெளிர் நிறமாகத் தெரியும் மணலைத் தேடி அதில் இறக்குங்கள், போலராய்டு கண்ணாடி இருந்தால் நிறம் பிரிந்து தெரியும். கோடையில் நீந்துபவர்களுக்காகக் கடற்கரையை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும், எத்தனை மீட்டர் என்று அந்தந்தத் துறை அலுவலகம் உத்தரவு போட்டிருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்பாவில் போர்ட்டோஃபெர்ராயோவின் வளைகுடா மாயெஸ்த்ராலேக்கு நல்ல மறைப்பு. சிரோக்கோ சொன்னால் தெற்குக் கரையில் இருக்காதீர்கள்.

போராக்காரி (வெள்ளி காலை)

வாழ்த்துகள் மணி! பழைய படகுகளை இங்கே இரண்டு வகையாகப் பிரிப்பார்கள்: 1950க்கு முன் கடலில் இறங்கியவை ‘எபோகா’, 1976க்கு முன் இறங்கியவை ‘கிளாசிக்’. நீங்கள் இரண்டாவது வகை. அக்டோபரில் வியரெஜ்ஜோவில் பழைய பாய்ப்படகுகள் கூடும். போட்டியில் சேராவிட்டாலும் போய்ப் பாருங்கள், விலாச்சட்டம் மாற்றத் தச்சர் தேடுகிறீர்களே, அத்தனை பேரும் ஒரே கரையில் கிடைப்பார்கள்.

தோணித்துறை (வெள்ளி மதியம்)

விரிசல் விட்ட விலாச்சட்டங்கள் எந்த இடத்தில், பாய்மரத்துக்கு நேர் கீழேயா, பின்பக்கமா? பாய்மரத்துக்குக் கீழே என்றால் செப்டம்பருக்கு முன் பக்கத்திலேயே துணைச்சட்டம் வைத்து அணைத்துவிடுங்கள். பின்பக்கம் என்றால் குளிர்காலம் வரை காத்திருக்கலாம். படம் போடுங்கள்.

பலெர்மோ தம்பி (வெள்ளி இரவு)

வருகிற வருடம் பலெர்மோ வருவதென்றால் ஜூலை 14 இரவுக்கு வந்து சேரப் பாருங்கோ அண்ணா. சாந்தா ரொசாலியா திருவிழா, கடற்கரையில் வாணவேடிக்கை, படகிலிருந்து பார்க்கத் துறைக்கு வெளியே கூட்டமாய் நிற்பார்கள். எங்கட தமிழ்ச் சனம், சைவர்களும் சேர்த்து, மலைக்கு ஏறி அந்தத் தாயிடம் நேர்த்தி வைக்கிறது. பழைய நகருக்குள் இருக்கிற லா காலா துறையில் கட்டலாம். ஆனால் அந்தக் கிழமைக்கு இடம் வேணுமென்றால் வசந்தத்திலேயே எழுதிக் கேட்க வேணும். வரும்போது சொல்லுங்கோ, கயிறு பிடிக்க நான் நிற்பேன்.

மிலானோ மணி (வெள்ளி இரவு)

தோணித்துறை அண்ணா, இரண்டு பாய்மரத்துக்கு அருகே, ஒன்று பின்னால். படம் நாளை போடுகிறேன், துறையில் வெளிச்சம் போய்விட்டது.